பள்ளத்தூர் வீட்டுத் தலைவாசல் கதவில் இருப்பது என்ன வகைப் பூட்டு? அறுக்காமல் திறக்க வழி உண்டா?

வளவுவாசல்:

எல்லாருக்கும் வணக்கம். பூட்டு விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் ஐயா காலத்து வீடு, ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பொது. தை மாதம் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) வைத்திருக்கிறோம், இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. பங்காளிகள் சென்னை, கோவை, மலேசியா என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். வீட்டைத் துடைத்துச் சுத்தம் பண்ணலாம் என்று நான் முன்னாடியே வந்துவிட்டேன், வந்து பார்த்தால் தலைவாசல் கதவு திறக்கவில்லை. சாவி முழுசாக உள்ளே போகிறது, வலது பக்கம் திருப்பினால் கொஞ்ச தூரம் போய் டக்கென்று நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஒரு நூல் கூட நகரவில்லை. போன வருடம் பிள்ளையார் நோன்புக்கு இதே சாவியால் நானேதான் திறந்தேன், அப்போது ஒரு தொந்தரவும் இல்லை.

நம்ம பக்கத்து வீடுகள் தெருவுக்குத் தெரு போகும் என்பதால் பின்கட்டு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டேன். அதில் போட்டிருப்பது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, அது நன்றாகத் திறந்தது. ஆனால் படைப்புக்குத் தலைவாசலைச் சாத்தி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக எல்லாரையும் வரச் சொல்ல முடியாது, அப்பத்தா இருந்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

ஊரில் ஒரு ஆசாரியைக் கூட்டி வந்து காட்டினேன். "பூட்டை அறுத்து எடுத்துட்டு புதுசு போட்டுடலாம், என்ன பூட்டுன்னு சொல்லுங்க, மதுரையில வாங்கிட்டு வந்துடறேன்" என்கிறார். எனக்கு அது என்ன பூட்டு என்றே தெரியவில்லை. மார்ட்டிஸ் என்கிறார்கள், சிலிண்டர் என்கிறார்கள், லீவர் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாவித் துவாரமும் அதை மூடுகிற சின்னப் பித்தளை மூடியும்தான் தெரிகிறது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது?


ரெண்டாங்கட்டு:

தம்பி, முதலில் அந்த ஆசாரியை ரம்பத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கதவு பர்மாத் தேக்காக இருக்கும், நிலையில் செதுக்கல் இருக்கும், ஒரு தடவை அறுத்தால் அறுத்ததுதான். என்ன பூட்டு என்று தெரிந்துகொள்ளாமல் அதில் கை வைக்கக் கூடாது.

நீங்கள் உள்ளே போய்விட்டது ரொம்ப நல்லதாகப் போயிற்று, பூட்டை உள்பக்கமிருந்து பார்த்தால்தான் பாதி விவரம் கிடைக்கும். கதவின் உள்முகத்தில் ஒரு பெட்டி மாதிரி பித்தளையோ இரும்போ ஸ்குரு போட்டு மேலாகப் பொருத்தியிருக்கிறதா, அல்லது ஒன்றுமே தெரியாமல் கதவு வழவழவென்று இருக்கிறதா? பெட்டி வெளியே தெரிந்தால் அது மேல்பொருத்துப் பூட்டு, ரிம் லாக் என்பார்கள். ஒன்றும் தெரியாமல், கதவின் கனத்தில், அதாவது ஓரத்தில், நீளமாக ஒரு தகடு பதித்து அதற்குள்ளிருந்து நாக்கு வெளியே வருகிற மாதிரி இருந்தால் அது மரத்தைக் குடைந்து உள்ளே இறக்கிய மார்ட்டிஸ். உங்களுடையது இரட்டைக் கதவாக இருக்கும், சாத்தியிருக்கும்போது அந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் முதலில் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் இந்த இரண்டும் பூட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆட்கள் குழம்புவதே இங்கேதான். மார்ட்டிஸிலும் லீவர் உண்டு, மார்ட்டிஸிலும் சிலிண்டர் உண்டு, ரிம்மிலும் அப்படித்தான். உள்ளே இருப்பதைச் சொல்லுவது சாவி.

சாவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையாக, ஓரத்தில் மலை மலையாக வெட்டியிருந்தால் பின் சிலிண்டர், அதாவது உள்ளே சின்னச் சின்ன முள் இருக்கிற சிலிண்டர். தட்டைச் சாவியில் ஓரம் வெட்டாமல் முகத்தில் குழி குழியாக இருந்தால் (கடையில் கம்ப்யூட்டர் சாவி என்பார்கள்) அதுவும் சிலிண்டர்தான். உருண்டைத் தண்டும், நுனியில் கொடி மாதிரி ஒரு இறக்கையும் இருந்தால் பழைய வகை. அந்த இறக்கையில் வெட்டு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தண்டுக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பில் உயரம் மாறி மாறிப் படி படியாக இருந்தால் உள்ளே லீவர் இருக்கிறது. அந்த விளிம்பு ஒரே சமமாக இருந்து, பக்கவாட்டில் மட்டும் பிளவு பிளவாக வெட்டியிருந்தால் லீவர் கிடையாது, உள்ளே சும்மா தடுப்புத் தகடுகள்தான், அதை வளைத்த கம்பியால் கூடத் திறந்துவிடலாம். பழைய வீட்டு அறைக் கதவுகளில் அந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன், பெரிய சாவியாக இருப்பதால் பெரிய பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

தண்டு நுனி குழாய் மாதிரி ஓட்டையா, கெட்டியா என்றும் பாருங்கள். குழாய்ச் சாவி என்றால் பூட்டுக்குள் இருக்கும் ஆணியில் போய் உட்காரும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் திறக்கும். கெட்டித் தண்டு என்றால் இரண்டு பக்கமும் திறக்கிற பூட்டாக இருக்கலாம். அப்புறம் பூட்டின் மேல் ஏதாவது எழுத்து வெட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதை மறக்காமல் விசாரியுங்கள். நீங்கள் போன தடவை பூட்டியதற்குப் பிறகு யாராவது வேறு சாவியைப் போட்டுத் திருப்பினார்களா?


உளியும்கொட்டாப்புளியும்:

நான் தச்சு வேலைதான் செய்கிறேன், காரைக்குடி. அந்த ஆசாரி சொன்னதில் தப்பில்லை, 12 நாளில் பழைய பூட்டைச் சரி பண்ணுவது எல்லாருக்கும் வராது. ஐரோப்பிய வகை சிலிண்டர் பூட்டு ஒன்று போட்டால் வேலை ஒரு நாளில் முடியும், சாவி போனாலும் சிலிண்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கதவோரத்தில் ஒரே ஒரு ஸ்குருவைக் கழற்றினால் வந்துவிடும். ஆனால் வாங்குவதற்கு முன் கதவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 60, 70 மில்லிமீட்டர் சிலிண்டர், நம்ம பக்கத்துத் தலைவாசல் கதவுக்கு அது எட்டாமல் போகலாம். நடு ஸ்குருவிலிருந்து வெளிமுகத்துக்கு எவ்வளவு, உள்முகத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டும் சமமாக இருக்கும் என்று நினைத்து வாங்கித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நிறைய.


வளவுவாசல்:

அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

கதவின் உள்பக்கம் பெட்டி இருக்கிறது, ஒரு சாண் நீளம் இருக்கும், பித்தளை, கறுத்துப்போய் மரத்தோடு மரமாக இருந்ததால் இத்தனை வருடம் நான் கவனிக்கவே இல்லை. ஆறு ஸ்குரு. அதில் உள்பக்கமும் ஒரு சாவித் துவாரம் இருக்கிறது. சாவி கெட்டித் தண்டு, ஓட்டை இல்லை. இறக்கையின் விளிம்பில் படிகள் இருக்கின்றன, எண்ணினேன், ஏழு, அதில் ஒன்று மற்றதை விட அகலம்.

எழுத்து தெரியவில்லை என்று கொஞ்சம் புளியை வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க முதலில் லண்டன் என்று வந்தது, அப்புறம் மேலே சப் (Chubb) என்று ஆங்கிலத்தில், கீழே ஒரு நம்பர். அதைப் பார்த்ததும் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஐயா ரங்கூனில் இருந்தவர், கதவுக்கு மரம் அங்கேயிருந்து வந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், பூட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது சரிதான். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் விசாரித்தேன். ஐப்பசி மழையில் முகப்பு ஒழுகுகிறதா என்று பார்க்க எங்கள் பங்காளி ஒருவர் வந்தாராம், சாவிக்கொத்தில் எது என்று தெரியாமல் நெல் அறைச் சாவியைப் போட்டு அழுத்தித் திருப்பினாராம், திறக்கவில்லை என்று பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம். நெல் அறைச் சாவியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கிறது. பூட்டு உடைந்துவிட்டதா?


ரெண்டாங்கட்டு:

உடையவில்லை என்றுதான் நினைக்கிறேன் தம்பி. உங்கள் பூட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

மேல்பொருத்துப் பெட்டி, உள்ளே லீவர். ஏழு படியில் அகலமானது நாக்கைத் தள்ளுகிற படி, மற்ற ஆறும் லீவருக்கு. இந்த லீவர் என்பது பித்தளைத் தகடு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு மட்டும் தூக்கும். எல்லாத் தகட்டிலும் உள்ள வெட்டு ஒரே கோட்டில் வந்தால்தான் நாக்கில் இருக்கும் முளை அதற்குள் நுழைந்து நகர முடியும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் நகராது.

சப் கம்பெனிப் பூட்டில் இதற்கு மேல் ஒரு விஷயம் உண்டு. ஜெரமையா சப் 1818ல் காப்புரிமை வாங்கியது. அதற்கு முந்தின வருடம் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள், அதனால் சொந்தச் சாவியைத் தவிர வேறு எதிலும் திறக்காத பூட்டைச் செய்கிறவருக்குப் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது, அதற்காகச் செய்த பூட்டு இது. வேறு சாவியோ கம்பியோ போட்டு ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஒரு கொக்கி அதை அப்படியே மேலே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சொந்தச் சாவியைப் போட்டாலும் திறக்காது. வீட்டுக்காரர் வந்து சாவி போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அதற்கு டிடெக்டர் பூட்டு என்று பெயர். 1851 லண்டன் பெரிய கண்காட்சி சமயத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்து காட்டினார், அந்தக் கொக்கியையே துப்பாக வைத்துக்கொண்டு எந்தத் தகடு கூடுதலாகத் தூக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு திறந்தார், ஆனால் அது எல்லாராலும் முடிகிற வேலை இல்லை.

உங்கள் பங்காளி நெல் அறைச் சாவியைப் போட்டு அழுத்தியதில் அந்தக் கொக்கி விழுந்திருக்க வேண்டும். கொக்கியை விடுவிக்க முதலில் வந்த பூட்டுகளுக்குத் தனிச் சாவி இருந்தது, பிறகு வந்தவற்றுக்கு அது தேவையில்லை. சொந்தச் சாவியையே போட்டு, திறக்கிற பக்கம் இல்லாமல் பூட்டுகிற பக்கமாகத் திருப்ப வேண்டும். உங்களுக்கு வலது பக்கம் திறக்கும் என்றால் வெளியில் நின்று இடது பக்கம் திருப்புங்கள். நாக்கு ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறது, அதனால் ரொம்ப தூரம் போகாது, லேசாக ஒரு அழுத்தம், கிளிக் என்று ஒரு சத்தமோ கையில் ஒரு அசைவோ தெரியும். அப்புறம் வழக்கம்போல் வலது பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்பக்கத் துவாரத்தில் சாவி போட்டால் பக்கம் மாறிவிடும், அதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விரலால் மட்டும் திருப்புங்கள். குறடு போட்டுத் திருப்பிப் பழைய சாவி உள்ளே முறிந்தால் அதற்கப்புறம் ஆசாரி சொன்னதுதான் நடக்கும். தேங்காய் எண்ணெயும் விட வேண்டாம்.


திண்டுக்கல் பட்டறை:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் எண்ணெய் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பட்டறைக்கு வருகிற பழைய பூட்டில் பாதி எண்ணெயால் கெட்டதுதான். லீவர் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் ஒரு மாதம் ஜோராக இருக்கும், அப்புறம் தூசி சேர்ந்து பிசின் மாதிரி ஆகித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒன்றைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து எழும்பும், சரியான சாவி போட்டாலும் திறக்காது. பென்சில் கரியை நன்றாகப் பொடி பண்ணிச் சாவியில் தடவி நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள், அது போதும். புளியை வெளியே தேய்த்தது சரி, தண்ணீர் துவாரத்துக்குள் போயிருந்தால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

திறந்த பிறகு சாவிக்கு நகல் ஒன்று எடுத்து வையுங்கள், ஒற்றைச் சாவியில் ஏழு புள்ளி வீடு நிற்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெஷினில் சாவி வெட்டுகிறவர்கள் தட்டைச் சாவிதான் வெட்டுவார்கள், இந்தச் சாவி அதில் வராது. இதைக் கையால் அரம் போட்டு ஒவ்வொரு படியாக உரசித்தான் செய்ய வேண்டும், காகித கனம் கூடினாலும் குறைந்தாலும் திறக்காது, கூடினால் அந்தக் கொக்கியும் மறுபடி விழலாம். அதனால் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள், ஆறு ஸ்குருவையும் கழற்றிப் பெட்டியோடு கொண்டு வரச் சொல்வார்கள், அதுதான் முறை. வருகிற வழியில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம், வில் தெறித்துவிடும், எது எந்தத் தகட்டுக்கு என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். திறந்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பின்வாசல் மாங்காய்ப் பூட்டும் லீவர்தான், அதையும் லேசாக நினைக்காதீர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனியாகச் சாவி செய்கிற வேலை இது, செய்கிற கை குறைந்துகொண்டே வருகிறது, அதனால் கெட்டுப்போனால் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள்.


தேவகோட்டை ஆச்சி:

தம்பி, நான் லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன், இந்த விவரம் உங்களுக்கு உதவுமா பாருங்கள். இங்கே வீட்டுக்குக் காப்பீடு எடுக்கும்போது வெளிக்கதவில் என்ன வகைப் பூட்டு என்று ஒரு கேள்வி வரும். மகள் தெரியாமல் ஏதோ ஒன்றை டிக் பண்ணப் போனாள், நான்தான் நிறுத்தி, கதவைத் திறந்து ஓரத்துத் தகட்டைப் பார்க்கச் சொன்னேன். அதில் பிஎஸ் 3621 என்ற பிரிட்டிஷ் தர எண்ணும் பட்டம் மாதிரி ஒரு குறியும் வெட்டியிருந்தது, ஐந்து லீவர் மார்ட்டிஸ். அந்தக் குறி இல்லாவிட்டால் பூட்டு அந்தத் தரம் என்று சொல்லக் கூடாதாம், தப்பாகச் சொல்லித் திருட்டுப் போனால் பணம் வருவது கஷ்டம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 3621 வகையை உள்ளேயிருந்து பூட்டினாலும் சாவி போட்டால்தான் திறக்க முடியும். உங்கள் சப் பூட்டிலும் உள்பக்கம் சாவித் துவாரம் இருக்கிறது என்கிறீர்கள். படைப்பன்று ராத்திரி வளவில் வரிசையாக எத்தனை பேர் படுத்திருப்பார்கள், சின்னப் பிள்ளைகள், வயசானவர்கள், அடுப்பு வேறு ரெண்டாங்கட்டில் எரிந்துகொண்டிருக்கும். அன்றைக்குத் தலைவாசலைச் சாவி போட்டுப் பூட்டாதீர்கள், தாழ்ப்பாள் மட்டும் போடுங்கள். இங்கே சாவி இல்லாமல் உள்ளேயிருந்து திறக்கிற பூட்டுக்குத் தனியாகவே 8621 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள், தீ விபத்தை நினைத்துத்தான்.


உளியும்கொட்டாப்புளியும்:

சப் பூட்டு என்று தெரிந்திருந்தால் நான் சிலிண்டர் பேச்சே எடுத்திருக்க மாட்டேன், அதை எடுத்துவிட்டு வேறு போடுவது பாவம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் இடித்த வீட்டுக் கதவு, பூட்டு, சாவி எல்லாம் கூடை கூடையாகக் கிடக்கும். நகல் சாவி செய்வதற்கு இதே தண்டு கனமும் நீளமும் உள்ள, இறக்கை பெரிதாக இருக்கிற பழைய சாவி ஒன்றை அங்கே தேடி எடுத்துக்கொண்டு போனால் பட்டறைக்காரருக்கு வேலை சுலபம். இன்னொன்று, மழையில் இரட்டைக் கதவு உப்பி ஒன்றையொன்று நெருக்கினால் நாக்கு எதிர்க்கதவுத் துளையில் இறுகி நிற்கும். சாவி திருப்பும்போது ஒரு ஆள் உள்பக்கமிருந்து கதவைத் தன் பக்கம் லேசாக இழுத்துப் பிடிக்கட்டும். பூட்டில்லாத கதவின் மேல்தாழும் கீழ்த்தாழும் முழுசாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.


வளவுவாசல்:

திறந்துவிட்டது!

காலையில் பென்சில் கரி தடவி நாலு தடவை சாவியை விட்டு எடுத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் உள்ளே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே திண்ணைப் பக்கம் நின்று இடது பக்கம் திருப்பினேன், முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. சாவியை எடுத்துத் துடைத்து மறுபடியும் கரி தடவிப் போட்டேன். இரண்டாவது தடவை சின்னதாக ஒரு சத்தம், விரலில் நன்றாகத் தெரிந்தது. அப்புறம் வலது பக்கம் திருப்பினேன், வெண்ணெய் மாதிரிப் போனது. ரெண்டாங்கட்டு அண்ணே, நீங்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை என்றால் இன்றைக்கு அந்தக் கதவில் ஒரு பெரிய ஓட்டை இருந்திருக்கும்.

ஆசாரியும் கூட இருந்தார். பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லவேளை நான் கை வைக்கலை என்றார். எதிர்க்கதவின் கீழ்த்தாழ் பாதிதான் இறங்கியிருந்தது, தரையில் துளைக்குள் மண் அடைத்திருந்ததை அவரே சுரண்டி எடுத்துச் சரி பண்ணிக் கொடுத்தார்.

நெல் அறைச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிச் சிவப்பு நூல் கட்டித் தனி ஆணியில் மாட்டிவிட்டேன். தலைவாசல் சாவியில் ஒரு அட்டை கட்டி, திறக்கவில்லை என்றால் முதலில் பூட்டுகிற பக்கம் ஒரு தடவை திருப்பவும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆச்சி, நீங்கள் சொன்ன மாதிரி படைப்பன்று ராத்திரி தாழ்ப்பாள் மட்டும்தான், பங்காளிகள் குழுவிலும் போட்டுவிட்டேன். படைப்பு முடிந்த மறுநாள் பெட்டியைக் கழற்றித் திண்டுக்கல்லுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன், பட்டறை அண்ணே, எந்த நேரம் வந்தால் உங்களுக்கு வசதி என்று மட்டும் சொல்லுங்கள்.


திண்டுக்கல் பட்டறை:

காலை 10 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் தம்பி. நகல் இரண்டு செய்ய இரண்டு நாள் பிடிக்கும், அதுவரை கதவுக்குப் போட ஒரு மாங்காய்ப் பூட்டு தருகிறேன். நாதாங்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.